அப்பாவின் நிலத்தை விழுங்கிய கவிதை

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். இதைப் பணிவாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் ஓர் இணைய இதழுக்குக் கவிதை அனுப்பியபோது, வருமா வராதா என்று யோசிக்கவில்லை. எப்போது வரும் என்றுதான் யோசித்தேன்.

ஒரகடத்தில் கார்களுக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குத் தரச் சோதனை வேலை. விளக்குக்கு அடியில் ஒவ்வொரு கண்ணாடியையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல், குமிழ், தூசி. பழகிவிட்டால் கண்ணாடி மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. ஒருநாள் ஷிப்ட் முடியும் நேரத்தில் முகம் தெரிந்துவிட்டது. நன்றாகவே இருந்தது. அதைத்தான் எழுதினேன். 'இது எந்தக் காருக்குப் போனாலும் / முதலில் பார்த்தது என் முகம்' என்று முடியும். தற்பெருமைதான். அதில் எனக்கு வருத்தமில்லை.

இதழின் விதிமுறைகள் என் கவிதையைவிட நீளம். தன்னைப் பற்றிய குறிப்பை வேறு யாரோ எழுதியதுபோல எழுத வேண்டுமாம். 'வடக்குப்பட்டில் வசிக்கிறார். கண்ணாடிகளைச் சோதிக்கிறார். நன்றாக எழுதுகிறார்' என்று எழுதினேன். சித்தப்பா மகள் கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு எடுத்த போட்டோவை அனுப்பினேன். யூனிபார்மில் ஒன்று கிடைக்குமா என்று ஆசிரியர் கேட்டார். அதையும் அனுப்பினேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சில நாள் கழித்து வாட்ஸ்அப்பில் நீளமாக ஒன்று வந்தது. "தோழி, உங்கள் கவிதையில் ஒளி இருக்கிறது, வலி இல்லை. சிறிய மெருகேற்றல் செய்திருக்கிறேன், பாருங்கள்" என்று தொடங்கியது. நான் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் லைன் குரூப்பில் சூப்பர்வைசர் எதைப் போட்டாலும் எல்லோரும் "ஓகே சார்" போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. என்றாலும் ஓகே சார், கேன்டீனில் தயிர் கிடையாது என்றாலும் ஓகே சார். அதைச் சம்மதம் என்று சூப்பர்வைசர்கூட எடுத்துக்கொள்வதில்லை. செய்தி வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். என் விரலும் ஆசிரியருக்கு அதையே போட்டுவிட்டது. வீட்டுக்குப் போய் முழுதாகப் படித்து, நிதானமாக மறுத்து எழுதலாம் என்று இருந்தேன்.

குளித்துவிட்டு வருவதற்குள் கவிதை வெளிவந்திருந்தது. இலக்கியத்துக்கு இவ்வளவு வேகம் உண்டென்று யார் கண்டது! என் கடைசி இரண்டு வரிகளைக் காணோம். அந்த இடத்தில் 'அப்பாவின் நிலத்தை விழுங்கிய இரும்பு / என் முகத்தையும் மென்று துப்புகிறது' என்று இருந்தது. மேலே என் யூனிபார்ம் போட்டோ.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் போன் அடித்தது. குன்றத்தூர் அத்தை, அப்பாவுக்கு அக்கா. அவள் மகன் இதைப் படித்துக் காட்டியிருக்கிறான். ஸ்பீக்கர் போடாமலே கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏண்டா, நெலத்த கம்பெனிக்காரனுக்கு வித்துட்டியா? எனக்குப் பங்கு இல்லியா அதுல? ஒரு வார்த்த சொன்னியா?"

"யாரு அக்கா சொன்னது? இன்னிக்கிக் காலைல கூட தண்ணி கட்டிட்டு வந்தேன்!"

"பொய் சொல்லாத. உம் பொண்ணு எய்திகீது. போட்டோவோட வந்துகீது."

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா எய்தன? நம்ம நெலம் எங்க போச்சு?"

அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனாலேயே எழுத்தில் வந்ததை அவர் லேசில் சந்தேகிக்க மாட்டார். ஒரு கணம் நிலத்தைப் பற்றி அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

"நீங்கதானம்மா ஓகேன்னு போட்டீங்க?"

"எங்க அப்பா நெலம் அப்படியே இருக்கு சார்."

"அது கவித்துவ உண்மை."

"எங்க அத்தைக்கு அது பட்டா உண்மை சார். பங்கு கேட்டு வந்துகிட்டிருக்காங்க."

அவர் சிரிக்கவில்லை. எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்கள் பார்த்தீர்களா, இப்போது எடுத்தால் உங்களுக்குத்தான் இழப்பு என்றார். பார்த்திருந்தேன். 'மண்ணின் கதறல்' என்று ஒருவர், 'அழுதுவிட்டேன்' என்று ஒருவர். என் பெயருக்குக் கீழே அவ்வளவு பாராட்டு. எல்லாமே அவர் எழுதிய இரண்டு வரிக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு, என் வரிகளையே போடுங்கள் என்று கேட்டேன். அது எங்கள் இதழுக்குப் பொருந்தாது என்றார்.

"அப்ப எடுத்துடுங்க."

எடுத்தார். 'படைப்பாளியின் சொந்தக் காரணங்களால் நீக்கப்பட்டது' என்று ஒரு குறிப்பும் போட்டார். கம்பெனி மிரட்டியிருக்கும் என்று வாசகர்கள் கொதித்தார்கள். கம்பெனிக்கு நான் எழுதுவதே தெரியாது.

மறுநாள் அத்தை நேராகக் கழனிக்குப் போய், வரப்பில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் காபி குடித்தாள். அவள் போனபிறகு அப்பா, நான் நிஜமாகவே எழுதியதைப் படிக்கச் சொன்னார். நின்றுகொண்டு, குரல் தெளிவாக, முழுதும் படித்தேன். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இதுல நான் எங்க?"

"இது என்னப் பத்திப்பா."

"அந்தாளாவது என்னப் போட்டாரு" என்று சொல்லிவிட்டு அப்பா கைகால் கழுவப் போனார்.