மயிரிழையில் போன ராஜினாமா

தெலுங்கும் உருதும் கலந்து பேசும் அல்வாலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் முப்பத்தாறு வீடுகள். அதன் சங்கத்துக்கு நான்கு ஆண்டுகளாக நான்தான் செயலாளர். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு கூட்டத்தில் அறிவிப்புப் பலகையைப் பார்த்து, "எழுத்து இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கலாம்" என்றேன், அவ்வளவுதான். வாயைத் திறந்தவன் தலையில் பொறுப்பைக் கட்டுவது எங்கள் சங்கத்தின் எழுதப்படாத விதி. எழுதப்பட்ட விதி அதைவிட மோசம்: பன்னிரண்டு வீட்டுக்காரர்களாவது வந்திருக்கும் பொதுக்குழு ஏற்றுக்கொண்டால்தான் செயலாளர் விலக முடியும். எங்கள் பொதுக்குழுவுக்கு நானும் தலைவரும் வருவோம். நாற்காலி போட வந்த வாட்ச்மேன், போட்ட நாற்காலிகளுக்காக வருத்தப்பட்டு அவரும் உட்காருவார். மூன்று முறை ராஜினாமா செய்தேன். மூன்று முறையும் ஆள் எண்ணிக்கை போதாமல் நானே அதை மடித்து வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

நான்காவது முறை விலகியே ஆகவேண்டியிருந்தது. புனேயில் மகளுக்குப் பிரசவம். தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும் பெண். போனில், "அப்பா, யூ ஆல்ஸோ கம்" என்றாள். அம்மா வருவதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த 'ஆல்ஸோ' எனக்காகப் போட்டது. அது என்னைத் தைத்தது. இரண்டு மாதம் போய் இருப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் தண்ணீர் டேங்கர் முதல் லிஃப்ட் வரை எல்லாவற்றுக்கும் என் கையெழுத்து வேண்டும். விலகாமல் ஊரைத் தாண்ட முடியாது.

சிலர் பறவை பார்க்கிறார்கள். நான் எழுத்துரு பார்ப்பவன். யாருக்கும் கெடுதல் இல்லாத கிறுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த நாட்களில் ஓர் ஆங்கில எழுத்துருவின் மேல் எனக்கு மோகம். அதன் நெட்டுக் கோடுகள் பயில்வானின் தொடைபோலப் பருத்திருக்கும். குறுக்குக் கோடுகளும், எழுத்தின் முனைகளில் வைக்கும் சின்னப் பாதங்களும் தலைமுடி கனம்கூட இருக்காது. 'ஓ' என்பது எதிரெதிரே நிற்கும் இரண்டு கொழுத்த பிறைகளை நூலால் கட்டியதுபோல இருக்கும். 'ஆர்' காலை நீட்டுவதில் ஒரு ஜமீன் தோரணை. நகைக்கடைப் பலகை, பட்டுப்புடவைப் பெட்டி, அத்தர் புட்டி, பணக்காரக் கல்யாணப் பத்திரிகை என்று கொஞ்சமான சொற்களைக் கொஞ்சம் திமிரோடு சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் அது நிற்கும். கண்ணை இழுக்கிற எழுத்து ஆளையும் இழுக்கும் என்று கணக்குப் போட்டேன்.

பொதுக்குழு அழைப்பில் 'அனைவரும் வருக' என்பதை ஆங்கிலத்தில் பக்கத்தின் பாதிக்குப் பெரிதாகப் போட்டேன். அதன் கீழே ஞாயிறு, பதினொரு மணி, பார்க்கிங். அதற்கும் கீழே, 'செயலாளரின் ராஜினாமாவை ஏற்பது குறித்து' என்பதை அதே எழுத்தில் பொடியாக. இங்கேதான் என் படிப்பெல்லாம் கைவிட்டது. அது பெரிதாக மட்டுமே வைக்கவேண்டிய எழுத்து. சிறிதாக்கினால் அந்த மயிரிழைக் கோடுகள் அச்சில் ஏறாது. சங்கத்துக் கிழட்டு பிரிண்டர் அவற்றை ஒன்றுவிடாமல் விழுங்கியது. முப்பத்தாறு வீட்டுக் கதவிடுக்கிலும் அவசரத்தில் நான் உற்றுப் பாராமலே சொருகிய தாளில், என் ராஜினாமா கறுப்புக் குச்சிகளை வரிசையாக நட்ட வேலிபோல இருந்தது. அதை ஏதோ பூவேலை என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு பார்க்கிங்கில் நாற்காலி போதவில்லை. பட்டுப்புடவைகள். குழந்தைகள். முதலில் எனக்குக் கண் கலங்கியது. நான் போவதில் இவ்வளவு பேருக்கு அக்கறையா? பிறகுதான் தட்டுகளைப் பார்த்தேன். வளையல், பழம், மஞ்சள். மகள் உண்டாகியிருப்பதை என் மனைவி அடுக்ககம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

"சீமந்தம்தானே அண்ணகாரு?" என்றார் முதல் மாடித் தெலுங்கு அம்மா. "அம்மாயி எக்கட? பெண்ணைக் காணோமே!"

மகள் புனேயில் இருப்பதைச் சொன்னேன். அப்படியானால் இது எதற்கு என்று கேட்டார்கள். என் ராஜினாமாவுக்கு என்றேன்.

"இதுக்கு யாராவது இப்படி கார்டு அடிப்பாங்களா?" என்றார் மூன்றாம் மாடியில் இருக்கும் ரிட்டயர்டு டீச்சரம்மா. சர்ச்சிலிருந்து நேரே வந்திருந்தார். "நான் அவசரமா ஜெபத்தைப் பாதியில விட்டுட்டு ஓடியாந்தேன் தம்பி."

எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழு வீடுகள். சட்டப்படி இதைவிட நல்ல கூட்டம் எனக்குக் கிடைக்காது. குரலைச் சரிசெய்துகொண்டு ராஜினாமாவைப் படித்தேன். தலைவர், "புதுச் செயலாளரா யார் வர்றீங்க?" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அப்போது எழுந்தார் எதிர்வீட்டுத் தமிழர், லோத்குண்டாப் பக்கம் ராணுவ முகாமிலேயே வாழ்க்கையைக் கழித்த சுபேதார். "நக்கோ, வேண்டவே வேண்டாம், வேற ஆளே நக்கோ. நாலு வருஷமா பத்துப் பேர் சேராத கூட்டத்துக்கு இன்னைக்கு இருபத்தேழு வீட்டைக் கூட்டியாந்தது யாரு? ஒரே ஒரு காகிதத்துல! இந்த மாதிரி ஆளைக் கைவிடணுமா?"

கைதட்டல். நானே தொடரலாம் என்பவர்களைத் தலைவர் கை தூக்கச் சொன்னார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. மடி நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த என் மனைவியின் கையும் உயர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "நீகூடவா?"

"பின்ன என்னங்க, அத்தனை பேரும் தூக்குறப்ப நான் மட்டும் கையைக் கட்டிட்டு இருக்கிறதா? அங்க வந்து நீங்க மட்டும் என்ன செய்யப் போறீங்க, ஆஸ்பத்திரி போர்டுல எழுத்து நல்லாயில்லேன்னு சண்டைக்குப் போவீங்க" என்று பெட்டியில் வளையல்களை அடுக்கினாள். அவள் சொன்னது உண்மை. அதனால்தான் வலித்தது.

அவள் மட்டும் புனே போனாள்.

மனைவியின் போன் வந்தபோது நான் பிளம்பரோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்திருந்தேன். மோட்டார் சத்தத்தில் பேரனா, பேத்தியா என்று இரண்டு தடவை கேட்கவேண்டியிருந்தது. பேத்தி. பின்னாலிருந்து மகளின் குரல் ஏதோ சொன்னது, சரியாகக் கேட்கவில்லை. பிளம்பர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கி, "முபாரக், சாப்" என்றார். பிறகு, வால்வை மாற்றிவிடலாமா, அதற்கு யார் அனுமதி தரவேண்டும் என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.