அம்மாவின் மேல் விழுந்து படுத்தவள்

என் தம்பி பொண்டாட்டி எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே அம்மாவின் கையை உடைத்தாள். ஊரில் இன்றுவரை கதையை இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்கள் வாயில் மண் விழ. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தவள்.

தம்பி உக்ரைனில் டாக்டருக்குப் படிக்கப் போய், அங்கேயே ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டான். போர் வந்தது. ஒருநாள் சைரன் ஊதிய கையோடு அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் குண்டு விழுந்து அவளுடைய அம்மா செத்துப்போனாள். தம்பி அவளை அழைத்துக்கொண்டு அரியலூர் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டான்.

ஊரை ஒட்டி, சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் சுரங்கம் இருக்கிறது. மதியம் சைரன் ஊதும். கொஞ்ச நேரத்தில் பாறைக்கு வெடி வைப்பார்கள். தரை அதிரும், ஓட்டிலிருந்து தூசி கொட்டும். எங்களுக்கு அது சோறு போடும் நேரம், அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வரும் நேரம், கொல்லையில் பாம்பு வரும் இடம் எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த எங்களுக்கு, இதைச் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் காதில் விழுந்தால்தானே சொல்வதற்கு.

அவள் வந்த மறுநாள் மதியம் சைரன் ஊதியது. தட்டு பறக்க அவள் எழுந்தாள். அம்மாவின் கொண்டையையும் தோளையும் சேர்த்துப் பிடித்து, ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் தரதரவென்று இழுத்துப்போனாள். அம்மா அலறினாள். அம்மாவைத் தரையில் தள்ளி, மேலே குப்புற விழுந்து படுத்துக்கொண்டாள். அம்மாவின் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் வெடி வெடித்தது.

பக்கத்து வீட்டிலிருந்து சித்தப்பா ஓடிவந்து அவள் முதுகில் மிதித்தார்.

"மாமியாரயா அடிக்கிற, வெள்ளக்காரச் சிறுக்கி!"

மிதியை வாங்கிக்கொண்டு அவள் அசையாமல் கிடந்தாள். நான் குழம்புக் கரண்டியால் சித்தப்பாவின் மண்டையில் போட்டேன். ரத்தம் வந்தது. அதற்காக நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

"அவ அடிக்கலடி," என்று அடியிலிருந்து அம்மா முனகினாள். "என்னைய மூடிக்கிட்டுக் கெடக்குறா."

பெரம்பலூரில் அம்மாவுக்குக் கட்டுப்போட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவள்மேல் உயிர். அவளை எப்படியாவது இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

அவள் தங்குவதற்கான அனுமதியை நீட்டிக்க அரியலூரில் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி நல்ல மனிதர். அனுமதி கொடுத்தார், டீயும் வாங்கிக் கொடுத்தார்.

"வேற என்னம்மா உதவி வேணும்?"

"வெடி வெக்கிறதுக்கு முன்னாடி யாராச்சும் வந்து இவகிட்ட சொல்லணும் சார்," என்றேன்.

"அதுக்குத்தானேம்மா சைரனே ஊதுறாங்க," என்றார்.

நான் மேஜையில் ஓங்கி அடித்தேன். டீ கொட்டியது. அவர்மேல் தப்பில்லை என்று தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

தம்பி அவளைச் சுரங்கத்துக்கே கூட்டிப்போய்க் காட்டினான். அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் மதியமானால் தன் கையைத் தானே ரத்தம் வரக் கடித்துக்கொண்டாள். அவளுடைய அக்கா ஜெர்மனியில் இருந்தாள். அங்கே அரசாங்கமே வீடு கொடுத்து, பாஷை சொல்லிக்கொடுத்து, இந்தப் பயத்துக்கென்று டாக்டரிடமும் அனுப்புகிறதாம். அங்கே போய்விடுவதென்று தம்பி முடிவு செய்துவிட்டான். அம்மா அவனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

புறப்படும் காலையில் கார் வாசலில் நின்றது. ஏறப்போனவள் திரும்பி வந்து, அம்மாவின் நல்ல கையைப் பிடித்தாள்.

"அத்தை, வா. அங்க கவர்மெண்ட் வீடு. நான் கேட்டாச்சு. உனக்கும் இடம்."

எங்களுக்குத் தெரியாமல் தன் அக்காவிடம் சொல்லி விசாரித்திருக்கிறாள், மாமியாரையும் காப்பாற்றிக் கூட்டிப்போக முடியுமா என்று.

"நான் எதுக்குடி வரணும்? எனக்கு இங்க என்ன கேடு?" என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள்.

அவள் சிரிக்கவில்லை. காரை நோக்கி இழுத்தாள். அம்மா தடுமாறி முட்டி போட்டு விழுந்தாள். தம்பி தன் பொண்டாட்டியின் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அப்போதும் அவள் விடவில்லை. நான்தான் அவள் விரல்களைப் பிரித்தேன். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று போய்ப் பிடித்துக்கொண்டது.