கமலவேணி கொடுத்த வேட்டி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றவர், வழக்குப் போட்டுப் பார் என்பதை ஏனோ விட்டுவிட்டார். குடியாத்தத்துக் கமலவேணி மூன்றையும் பார்த்தவள்.

லுங்கி நெய்கிற குடும்பம். 1978இல் சின்னதாக ஒரு வீடு கட்டத் துணிந்தாள். தை மாதத்துக்குள் முடித்துத் தருவதாகக் காசிநாதன் மேஸ்திரி முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டார். தை வந்தபோது தறி வைக்க வேண்டிய அறைக்குச் சுவர் மட்டும் எழும்பியிருந்தது, கூரை இல்லை. குறித்த முகூர்த்தம் தவறக் கூடாதென்று கணவன் பரந்தாமன் ஒற்றைக் காலில் நின்றான். பால் காய்ச்சினார்கள். மதியம் விருந்து முடிந்ததும், வழக்கப்படி மேஸ்திரிக்குத் தாம்பாளத்தில் வேட்டி, துண்டு வைத்துக் கொடுத்தாள் கமலவேணி; போட்டோவும் எடுத்தார்கள்.

வேட்டி வாங்கிய மேஸ்திரி அதன் பிறகு அந்தத் தெருப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஆம்பூரில் பெரிய கட்டட வேலை கிடைத்திருந்தது. தேடிப் போனால், "அடுத்த வாரம் வர்றேன்மா" என்பார். தறிக்கட்டைகள் அடுப்படியில் அடுக்கிக் கிடந்தன. சொந்தத் தறி இருந்தும் இன்னொருவர் வீட்டில் கூலிக்கு நெய்தாள். அதுதான் அவளை அரித்தது.

"கோர்ட்டுன்னா பேஜாரு, வுட்டுடு" என்றான் பரந்தாமன். அவள் விடவில்லை. வக்கீல் சுப்பராயனிடம் போனாள்.

"மொதல்ல நோட்டீஸ் அனுப்புவோம். வரலைன்னா முன்சீப் கோர்ட்டுல வழக்கு. பாக்கி வேலைய வேற ஆள வெச்சு முடிக்கிற செலவ அவர்கிட்டயே கேக்கலாம். கோர்ட்டு அனுப்பற கமிஷனர் வந்து பாக்கற வரைக்கும் அந்த ரூம்ல ஒரு செங்கல்கூட வெக்காதீங்க" என்றார் அவர்.

நோட்டீஸுக்கு அசையாத மேஸ்திரி, வழக்குப் போட்டதும் பதில் போட்டார். ஓடு போட்டு முடித்ததால்தான் வேட்டி கொடுத்து மரியாதை செய்தார்களாம். பிறகு ஓட்டைக் கழற்றிவிட்டு வழக்குப் போடுகிறார்களாம். வேட்டி வாங்கிய போட்டோவையும் சாட்சியாகச் சேர்த்திருந்தார். கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்து, கூரை இல்லை என்று எழுதினார். அது எப்போதிலிருந்து இல்லை என்று அவரால் எழுத முடியவில்லை.

தானே ஓடு போட அவளிடம் முதல் இல்லை. இரண்டு மழைக்காலம் போயிற்று. கூண்டில் ஏறியவளிடம் எதிர்த்தரப்பு வக்கீல் போட்டோவை நீட்டினார்.

"உங்க கையாலதானே குடுத்தீங்க?"

"ஆமா, நான்தான் குடுத்தேன்."

போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடம் இருட்டாக இருக்கிறதென்று போட்டோக்காரர் எல்லோரையும் தறி அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது நினைவுக்கு வந்தது. அத்தனை வயிற்றெரிச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, இது தறி ரூம்பு. பின்னால ஜன்னல பாருங்க, அது தறி ரூம்பு ஜன்னல்னு கமிஷனரும் எழுதிக்கிறாரு. மேஸ்திரி வெயில் தாங்காம கண்ண இடுக்கிக்கினு நிக்கிறாரு. மேல ஓடு இருந்தா உச்சி வெயில் எப்பிடி உள்ள வரும்?"

முன்சீப் போட்டோவை வாங்கிப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார்.

கூரைச் செலவு காசிநாதன் தலையில் விழுந்தது. பக்தவச்சலம் என்ற புது மேஸ்திரி பத்தே நாளில் ஓடு வேய்ந்தார். கடைசி நாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வேட்டி துண்டு உண்டாம்மா?" என்றார்.

"இல்லாமயா?" என்றாள் கமலவேணி. "ஒரு மழ பெய்யட்டும், குடுக்கறேன்."