முதலில் பிரிக்கிற பெட்டி

அடுத்தவர் வீட்டைக் காலி செய்வது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பதினெட்டு வருஷமாக வீட்டுச் சாமான் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. மணிக்கட்டில் எந்நேரமும் ஒரு டேப் உருளை தொங்கும். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் டேப்பக்கா. மூன்று படுக்கையறை வீட்டைக் காலையில் தொட்டால் மத்தியானத்துக்குள் லாரியில் ஏற்றிவிடுவாள். ஒரு டம்ளர் விரிசல் விட்டதில்லை. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

அப்பேர்ப்பட்டவள் புயலுக்கா அசருவாள்? இதுவரை வந்ததிலேயே பெரிய சூறாவளி, இருட்டுவதற்குள் கரையைத் தொடும், கடலோரத் தெருக்காரர்கள் எல்லோரும் ஊருக்குள் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள், மூன்று மணிக்குப் பாலத்தை மூடிவிடுவோம் என்று காலையிலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். புருஷனை ஏணியில் ஏற்றி ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கவைத்தாள். ஃபிரிட்ஜ் மேஜைமேல் ஏறியது, மெத்தைகள் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு பரணுக்குப் போயின, பத்திரங்கள் மூன்று உறைக்குள் புகுந்தன. ஒரு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. இந்த வீட்டைப் பார்த்தால் புயலே வெட்கப்பட்டுத் திரும்பிவிடும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு உருப்படி. மாமனார்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன். உள் அறைக் கட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்றுவிட்டார். எத்தனை புயல் பார்த்தவன் நான் என்றார். மகன் கெஞ்சினான், கத்தினான், அலாக்காகத் தூக்கி வண்டியில் போடுவேன் என்று மிரட்டினான். ம்ஹூம். பிடித்த பிடியை விடவில்லை. தண்ணீர் ஜன்னல் உயரத்துக்கு வரும் என்கிறார்கள், இவர் என்ன இப்படி அழிச்சாட்டியம் பண்ணுகிறார் என்று அவளுக்கும் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

இரண்டு மணி. கட்டிலைக் கழற்றினால் எழுந்துதானே ஆகவேண்டும் என்று திருப்புளியோடு உள்ளே போனாள். முதல் திருகாணியில் கை வைத்தபோதுதான் உறைத்தது.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் சாமானைத் தொடுவதற்கு முன் அவள் ஒரு கேள்வி கேட்பாள். அங்கே போய் இறங்கியதும் முதலில் என்ன வேண்டும்? ஒருத்தர் குழந்தையின் பால்புட்டி என்பார், ஒருத்தர் மாத்திரை என்பார், ஒரு ஆள் சதுரங்கப் பலகை என்றான். அது தனிப் பெட்டியில் போகும். கடைசியில் ஏறும், முதலில் பிரியும். பதினெட்டு வருஷத்தில் ஒரு வீட்டில்கூட அதைக் கேட்காமல் விட்டதில்லை. இன்றைக்குக் கேட்கவில்லை. என் வீட்டில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்தாள் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, அங்க போனதும் உங்களுக்கு முதல்ல என்ன வேணும்?"

அவர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் ரப்பர் ஷீட்.

"தூக்கத்துல எனக்குத் தெரியாமலே போயிடுதும்மா. ஆறு மாசமா. அங்க முந்நூறு பேர் படுத்திருப்பாங்க. அதுக்கு இந்தத் தண்ணியிலேயே போயிடலாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. விடிவதற்கு முன்பே எழுந்து தன் விரிப்பைத் தானே துவைத்துக் காயப்போடுகிறவர். எங்கள் மாமா மாதிரி சுத்தக்காரர் உண்டா என்று அவள் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள். தன்மேலேயே அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

பெட்டி ஒன்றை விரித்து ரப்பர் ஷீட், மாற்றுத் துணி, துண்டு, சோப்பு, முடிச்சுப் போடுகிற கவர் எல்லாம் வைத்து ஒட்டினாள். மகனிடம் சொல்லாதே என்றார் அவர்.

"யார் பெட்டியில என்ன இருக்குன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல மாமா."

அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பாலத்தைத் தாண்டினார்கள். பள்ளிக்கூட வாசலில் நீண்ட வரிசை. பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த பெண் இவர்களுக்கு ஹாலின் நட்டநடுவில், விசிறிக்கு நேர் கீழே இடம் ஒதுக்கினாள். நல்ல இடம்தான். மாமனாரின் முகம் வெளிறிப்போனது.

"எனக்குப் பாத்ரூம் பக்கத்துல ஓரமா குடும்மா," என்றாள் டேப்பக்கா, வரிசைக்கே கேட்கும்படி. "தூக்கத்துல என்னால அடக்க முடியாது. படுக்கையிலேயே போயிடும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். புருஷன் பேயறைந்தவன்போல நின்றான். உனக்கு எப்போதிருந்து இந்தக் கோளாறு, இப்படியா நாலு பேர் நடுவில் மானத்தை வாங்குவாய் என்று பல்லைக் கடித்தான். பையைத் தூக்குங்கள் என்றாள் அவள்.

மாமனார் அவளை விலக்கிக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். பஸ் ஓட்டிய காலத்துக் குரல் அவருக்கு இன்னும் அப்படியேதான் இருந்தது.

"அவளுக்கில்லம்மா, எனக்கு. அப்படியே எழுதிக்கோ."