கையில் ஊற்றிய கூழ்

எங்கள் மலை பஸ்ஸின் கண்டக்டரை எனக்குப் பிடிக்காது. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் என் கணவருக்கு வேலை கிடைத்து, நாங்கள் கல்வராயன் மலைக்குக் குடிபோன புதிது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி வெளியே வந்துவிட்ட பிறகு, கைக்குழந்தையோடு ஓடிப் போய்க் கை காட்டினேன். டிரைவர் நிறுத்திவிட்டார். மூச்சு வாங்க ஏறியவளிடம் கண்டக்டர் சொன்னார்:

“ஸ்டாண்டுல ஏறணும்மா. உங்களுக்கு நிறுத்துனா எல்லாருக்கும் நிறுத்தணும்.”

டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “வுடுய்யா, கொழந்தையோட வருது.” அன்று முதல் டிரைவர் நல்லவர், கண்டக்டர் கல்நெஞ்சர் என்று மனதில் எழுதிக்கொண்டேன். டிரைவர் யாருக்கும் எங்கும் நிறுத்துவார். கண்டக்டரோ தனக்குத் தெரிந்தவர் என்று ஒருவருக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்ததைக்கூட நான் பார்த்ததில்லை.

இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்த காலம் அது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிடுவார்கள். ஒரு நாள் காலை நான் ஒன்றரை வயது மகளோடு அதே பஸ்ஸில் மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையம் போய்ச் சேரும் முன்பே எதிரே ஒரு மரம் கிடந்தது. டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தால், அரை மணிக்கு முன் நாங்கள் கடந்த இடத்திலும் ஒரு மரம். இரண்டு மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டோம்.

நடக்கத் தெம்பிருந்தவர்கள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். மிஞ்சியது பத்தொன்பது பேர்: குழந்தை வைத்திருந்தவர்கள், வயதானவர்கள், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர், கடைசி சீட்டில் கரும்பு வெட்டப் போகும் ஒரு கிழவரும் அவர் மனைவியும். நடந்து போவதாகச் சொல்லி இறங்கிய அந்தக் கிழவர், மனைவியின் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

மத்தியானம் டிரைவர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, தயிர்சோறு முழுவதையும் என் மகளுக்கும் முன்சீட்டில் இருந்த இன்னொரு குழந்தைக்கும் கொடுத்துவிட்டார். தான் வெறும் தண்ணீர் குடித்தார். எனக்குக் கண் கலங்கியது. கண்டக்டர் படியில் உட்கார்ந்து தன் சோற்றைத் தானே சாப்பிட்டார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “இது பத்தொன்பது பேருக்கு வராதும்மா” என்றார். டப்பாவை வாய்க்கால் தண்ணீரில் கழுவி வைத்தார். எவ்வளவு கடினமான மனுஷன் என்று நினைத்தேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது, வயல் வரப்பில் ஒரு பெண் தலையில் பானையோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும். பக்கத்துக் கொல்லைக்காட்டில் வீடு; வெட்டிப்போட்ட மரத்தடியில் மறியலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் அவள் புருஷன். பஸ்ஸில் குழந்தைகள் அழுகிற சத்தம் அவள் வீடு வரை கேட்டதாம். யாரும் கேட்காமலே கேழ்வரகுக் கூழ் கரைத்து, வெங்காயம் உரித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“கொழந்தைங்க இருக்கறவங்க மொதல்ல வாங்க” என்று பானையை இறக்கினாள். ஒரே ஒரு டம்ளர்தான் கொண்டு வந்திருந்தாள்.

எல்லோரும் இறங்கினோம். கரும்பு வெட்டுகிறவரும் அவர் மனைவியும் இறங்கி, எங்களை விட்டுப் பத்தடி தள்ளி நின்றார்கள். அந்தப் பெண் அவர்களைப் பார்த்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். அவர் சொன்னார், ஊரின் எந்தப் பக்கம் என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

“சரி, அங்கியே இருங்க. நான் வந்து கையில ஊத்தறேன்” என்றாள் அவள். குரலில் துளி வெறுப்பு இல்லை. “உங்களுக்கு ஜாஸ்தியாவே ஊத்தறேன். வவுறு ரொம்பக் குடிங்க, பாவம்.”

கிழவர் அதற்குள் இரண்டு கையையும் குவித்து வாயருகே கொண்டு போய்விட்டார்.

“கைய எறக்குங்க பெரியவரே” என்றார் கண்டக்டர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் அந்தப் பெண்ணிடம் நிதானமாகப் பேசினார்.

“டம்ளரு ஒண்ணுதானாம்மா?”

“ஒண்ணுதாங்க.”

“அப்ப எல்லாருக்கும் டம்ளர்ல ஊத்து. இல்லாட்டி எல்லாருக்கும் கையில ஊத்து.”

அவள் விழித்தாள். “அது எப்டிங்க... எங்க வூட்டுல கேட்டா நான் இன்னா சொல்றது?”

“அதாம்மா சொல்றேன். டம்ளர்ல ஊத்தச் சொல்லி உன்ன நான் கட்டாயப்படுத்தல. கையில ஊத்து. எல்லாருக்கும்.”

“யோவ், விடுய்யா” என்றார் டிரைவர். “அந்தப் பொண்ணு எவ்ளோ பாசமா எடுத்தாந்திருக்குது. கொழந்தைங்க பசியில கெடக்குது. இப்பப் போய் வம்பு பண்ற.”

பேச்சுச் சத்தம் கேட்டு அவள் புருஷன் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தான். “இன்னா தகராறு?”

“தகராறு ஒண்ணும் இல்ல தம்பி” என்றார் கண்டக்டர். “நீங்க பங்கு கேட்டுதான இங்க குந்திக்கினு இருக்கீங்க? கேக்கறது நியாயந்தான். நாங்களும் பங்கு பத்திதான் பேசிக்கினு இருக்கோம்.”

அவன் கூழ்ப் பானையைப் பார்த்தான், கிழவரைப் பார்த்தான், தன் மனைவியைப் பார்த்தான். மரத்தடிக்கே திரும்பிப் போய்விட்டான்.

எனக்கு உள்ளுக்குள் ஆத்திரம். அவள் கோபித்துக்கொண்டு பானையைத் தூக்கிவிட்டால் என் பிள்ளைக்கு ராத்திரிக்கு என்ன இருக்கிறது? இவர் கொள்கைக்கு என் குழந்தையா பட்டினி கிடக்க வேண்டும்?

கண்டக்டர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தார். அந்தப் பெண்ணின் முன்னால் போய்க் குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்துக்கொண்டார். அவள் ஊற்றினாள். காக்கிச் சட்டையின் மார்பில் கூழ் வழிந்தது. குடித்து முடித்து நகர்ந்து, “ம், வாங்க” என்றார்.

டிரைவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு அவரும் குனிந்தார்.

என் முறை வந்தபோது பையிலிருந்து மகளின் கிண்ணத்தை எடுத்தேன். கண்டக்டர் என்ன சொல்வாரோ என்று பார்த்தேன். “கொழந்தைக்கா? கொழந்தைக்குக் கை சின்னது. ஊத்தும்மா” என்றார். மகளுக்கு ஊட்டினேன். அதே கிண்ணத்தில் நானும் வாங்கிக்கொண்டால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கரும்பு வெட்டுகிறவரின் மனைவி என் கையிலிருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைப் பைக்குள் போட்டுவிட்டுக் குனிந்தேன்.

கையேந்திக் குடிப்பது எப்படி இருக்கும் என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. தலையைத் தூக்க முடியாது. ஊற்றுகிறவரின் முகம் தெரியாது, அவர் கால்தான் தெரியும். போதும் என்று சொல்ல வாய் இல்லை, வழிவதைத் துடைக்கக் கை இல்லை. முழங்கை வழியாகக் கூழ் இறங்கிப் புடவையை நனைத்தது. ரிஷிவந்தியம் பக்கத்தில் என் அப்பாவின் கழனியில், நடவுக்கு வந்தவர்கள் இப்படிக் குனிந்து குடிப்பதை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அந்த உயரத்திலிருந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

வெள்ளை வேட்டிக்காரர், “பிச்சைக்காரன் மாதிரி இன்னாயா இது” என்று பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை. கடைசியில் பசி தாங்காமல் அவரும் இறங்கி வந்தார். வரிசையில் அவருக்கு முன்னால் நின்றது கரும்பு வெட்டுகிறவர். பதறிப் போய் விலகி வழிவிடப் பார்த்த கிழவரிடம், “நில்லுங்க, உங்களுக்கு அப்புறந்தான் அவரு” என்றார் கண்டக்டர். கிழவர் குடித்தார். குடித்து நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் என்று எதுவும் இல்லை; நடந்ததை இன்னும் நம்பாதவர் போல எங்கள் ஒவ்வொருவர் கையையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளை வேட்டிக்காரரும் குனிந்து குடித்து முடித்தபோது, பெரியவர்கள் எல்லோர் முழங்கையிலும் கூழ் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

மறுநாள் காலை அந்தப் பெண் மறுபடி பானையோடு வந்தாள். இடுப்பில் ஒரு கூடை, அதில் ஏழெட்டு டம்ளர். யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. எடுத்து எடுத்து நீட்டினாள். கரும்பு வெட்டுகிறவரின் மனைவி தயங்கியபோது அதட்டினாள்:

“புடிங்கம்மா. கையில ஊத்துனா பாதி கூழு மண்ணுக்குப் போவுது.”

அவள் வீட்டில் என்ன நடந்ததோ, யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாளோ, தெரியாது. கண்டக்டர் அவளிடம் நன்றிகூடச் சொல்லவில்லை. தன் டம்ளரைக் கழுவிக் கூடையில் வைத்தார், அவ்வளவுதான்.

உச்சிப் பொழுதில் மரத்தை ஓரமாக இழுத்துப் போட்டார்கள். கிழவரும் மனைவியும் கச்சிராயபாளையத்தில் இறங்கிக்கொண்டார்கள். மலை ஏறும்போது பஸ்ஸில் ஆறேழு பேர்தான் இருந்தோம். மனதில் இருந்ததைக் கண்டக்டரிடம் கேட்டேன்.

“அந்தப் பொண்ணு பானையத் தூக்கிட்டுப் போயிருந்தா?”

“பசியோட இருந்திருப்போம்.”

“கொழந்தைங்க?”

“அத நெனச்சி எனக்கும் பயமாதான் இருந்துச்சும்மா” என்றார். “ஆனா அந்தப் பெரியவரு கையத் தூக்கும்போது பாத்தீங்களா? யாரும் சொல்றதுக்கு முன்னாடியே தூக்கிட்டாரு. என்னால பாத்துக்கினு இருக்க முடியல.”

அவர் கல்நெஞ்சர் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டிரைவரின் இரக்கம் அவர் கண்ணுக்கு எட்டிய முன்சீட்டோடு நின்றது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. என் மகளின் வயிறு அன்று நிறைந்தது அதனால்தான். கண்டக்டரின் நியாயம் கடைசி சீட்டு வரை போனது.

அடுத்த முறை பிறந்த வீட்டுக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா இளகிய மனசுக்காரர். வேலைக்கு வருகிறவர்களுக்குக் கூழோ சோறோ அள்ளிக் கொடுப்பார், எப்போதும் கையில்தான். முழுவதையும் கேட்டார்.

“நான் யாருக்காவது கொறச்சி ஊத்தியிருக்கனா?” என்றார்.

“இல்லப்பா” என்றேன். “கொறச்சி ஊத்துனதே இல்ல.”

அது உண்மைதான். டம்ளரில் ஊற்றியதே இல்லை என்பதும் உண்மைதான்.