வாயசைத்தால் கபடி ஆகாது

ஆந்திராவில் இருக்கும் எங்கள் நகரியில் தறிக்கொட்டகையில் வேலை செய்பவர்களுக்குத் தொண்டை தேவையில்லை. பவர்லூம் ஓட ஆரம்பித்துவிட்டால் காதில் விழுவது அது ஒன்றுதான். அதனால் சத்தமே போடாமல் உதட்டை அசைத்தும் கையைக் காட்டியும் பேசிக்கொள்வோம். டீ வந்தாச்சு, நூல் அறுந்துபோச்சு, முதலாளி வர்றாரு செல்போனை மறை, எல்லாம் உதட்டோடு முடிந்துவிடும். எனக்கு எதிர்த்தறியில் என் வீட்டுக்காரர். அவரை நான் திட்டிய திட்டில் பாதிக்கு மேல் சத்தமில்லாமல் திட்டியதுதான்.

அரசாங்கம் ஊர் ஊராக விளையாட்டுப் போட்டி வைக்கிறது, எந்த வயதுக்காரரும் ஆடலாம், பள்ளிக்கூட மைதானத்தைச் சாயங்காலத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப் போகிறார்கள் என்று சச்சிவாலயம் என்கிற வார்டு ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் வந்து சொன்னாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. "மொதல்ல கால்வாய அள்ளச் சொல்லு, அப்பறம் ஆடலாம்" என்றேன்.

"அது வேற ஆபீஸரு, அக்கா. நீங்க கபடிக்குப் பேரு குடுங்க. மண்டலத்துல ஜெயிச்சா திருப்பதி ஸ்டேடியத்துல ஆடலாம்" என்று சிரித்தாள்.

திருப்பதி ஸ்டேடியம் என்றதும் எனக்குக் கால்வாய் மறந்துபோயிற்று. பத்தாவது படிக்கும்போது நான் பள்ளிக்கூட டீமில் இருந்தேன். அந்த ஸ்டேடியத்தில் ஒரு மேட்ச் வந்தது. "பொட்டப்புள்ள அவ்ளோ தூரம் போயி ஆடணுமா?" என்று நைனா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அதற்கப்புறம் எத்தனையோ தடவை திருப்பதி போய்விட்டேன். மலையில் மொட்டைகூடப் போட்டிருக்கிறேன். பஸ் அந்த ஸ்டேடியத்து மதில் ஓரமாகப் போகும்போது மட்டும் மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு. ஒரே ஒரு தடவையாவது அதற்குள்ளே போய் ஆடிவிட வேண்டும்.

கொட்டகைப் பெண்களையே சேர்த்து டீம் கட்டினேன். "இந்த வயசுல கால ஒடச்சிக்கினு வந்து குந்திக்கினா யாரு தறி ஓட்டறது?" என்றார் வீட்டுக்காரர். "நீயே ரெண்டையும் ஓட்டுய்யா" என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனேன்.

மண்டலத்தில் கடைசி மேட்ச். ஜெயித்தால் திருப்பதி. முந்தின மேட்சுகளுக்கு வேடிக்கை பார்க்க ஆளே வரவில்லை. அன்றைக்கு மைதானத்தைச் சுற்றிக் கூட்டம், விசில், காதைப் பிளக்கிற மைக்செட். நான்தான் முதலில் பாடிப் போனேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, அம்பயர் விசில் ஊதிவிட்டார். "கூத்த வினபடலேதம்மா!" நான் கபடி கபடி என்று பாடுவது அவருக்குக் கேட்கவில்லையாம். அவர்களுக்கு ஒரு பாயின்ட்.

எனக்கு வந்ததே கோபம். "பாடிக்கினுதானே சார் இருந்தேன்? மூச்சே உடலியே!" என்று சண்டைக்குப் போனேன். "வாய்தாம்மா அசையுது, சத்தம் ஏது?" என்றார் அவர். என் பின்னால் போனவளுக்கும் இதே கதி. அதற்கடுத்தவளுக்கும் இதே கதி. அப்போதுதான் உறைத்தது. சத்தமான இடத்தில் கொண்டுபோய் விட்டால் எங்கள் வாய் தானாகக் கொட்டகை வாயாகிவிடுகிறது. அடச்சீ என்று ஆகிவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிடிக்கிற வேலையில் மட்டும் அதே பழக்கம் எங்களுக்குக் கைகொடுத்தது. யார் காலைப் பிடிப்பது, யார் இடுப்பைப் பிடிப்பது என்று உதட்டாலேயே சொல்லிக்கொண்டோம். எதிர்க்கட்சிக்கு ஒன்றும் புரியவில்லை. விட்ட பாயின்ட்டையெல்லாம் அப்படித்தான் திரும்பப் பிடித்தோம்.

கடைசியில் இரண்டு பக்கமும் சமம். நேரம் முடியப்போகிறது. நான் பாடிப் போக வேண்டும். யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்பினால் திருப்பதி. மறுபடியும் வாயடைத்தால் ஒன்றும் கிடையாது. கோட்டுப் பக்கம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார், மனுஷன்! என்னைப் பார்த்துக் காதில் கையை வைத்து, உதட்டை மட்டும் அசைத்தார்: கேக்கல.

கேக்கலியா? இரு, வச்சிக்கிறேன் என்று கோடு தாண்டினேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கபடி கபடி கபடி. இவ்வளவு சத்தம் எனக்குள்ளே இருந்தது எனக்கே தெரியாது. மூலையில் நின்ற பெண் ஒரு நொடி மிரண்டாள். அவள் தோளில் தட்டினேன். நாலு பேர் என் மேலே விழுந்தார்கள். விழுந்த இடத்திலிருந்து கையை நீட்டினேன், கோடு விரலில் பட்டது. வாய் அப்போதும் கத்திக்கொண்டே இருந்தது. அம்பயர் எங்கள் பக்கம் கையைத் தூக்கினார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். எல்லோரும் புடவை, ஆளுக்கொரு பை. வழக்கம்போல ஓர் ஆட்டோக்காரர் ஓடிவந்தார். "கொண்டகா அம்மா?" மலைக்கா என்று கேட்கிறார்.

"லேது, ஸ்டேடியம்" என்றேன்.

எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எவரு ஆடேதி?" யார் ஆடுவது என்கிறார். பின்னால் பையோடு நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். அவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டு, அன்றைக்குப் போலவே காதில் கை வைத்துக்கொண்டார்.

தெலுங்கில் சொல்லத்தான் நினைத்தேன். தமிழில்தான் வந்தது.

"நாங்கதான்!"

பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.