இரண்டு லாட் வண்டி

சக்கர நாற்காலியோடு ஆளை ஏற்றி இறக்கும் வண்டி நடத்துவதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வண்டி நன்றாக ஓடினால் டிரைவரைப் புகழ்வார்கள், கெட்டுப்போனால் வாங்கியவனைத் திட்டுவார்கள். வாங்கியவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு டிரஸ்டில் போக்குவரத்து மேனேஜர். நடக்க முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது எங்கள் வேலை. பழைய வண்டியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, அது போடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் புண்ணியவான்கள் உங்களிலும் இருப்பீர்கள். நீங்கள்தான் என் பாட்டைக் கேட்க வேண்டும்.

ஆள் ஏற்றிப் பழகியது

புது வண்டிக்குப் பதிவு செய்தால் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை யார் காத்திருப்பது என்று பழைய வண்டி பார்க்கக் கிளம்பினேன். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆள் ஏற்றும் வண்டிகளைப் பத்து வருடம் கட்டி மேய்த்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டேன். டயரைத் தட்டினேன். கீழே படுத்து ஆயில் கசிகிறதா என்று பார்த்தேன். பின்னால் அகலமாகத் திறக்கும் கதவு, சறுக்குப் பலகை போட இடம், நாற்காலியைப் பூட்டத் தோதான தரை. வெள்ளை பெயின்ட் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்து நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்; சந்தோஷப்பட்டேன்.

ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டலாமே என்றார் டிரைவர் பழனிச்சாமி. எனக்குத் தெரியாததா என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். சாவியைக் கையில் வைத்தபோது வண்டி விற்றவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது ஆள் ஏத்திப் பழகுன வண்டிங்க. ஒருத்தரையும் உட்டுட்டு வராதுங்க."

அடியில் தட்டுகிறவர்

காங்கேயம் ரோட்டில்தான் அந்த வண்டியை விட்டோம். ரோட்டோரத்து ஊர்களில் எங்களுக்கு முக்கியமான சவாரி ருக்மணி அக்கா. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். தைத்த துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் கண்டுபிடிப்பது அவர் வேலை. சர்க்கரை நோய் முதலில் கண்ணைப் பறித்தது, பிறகு ஒரு காலை, பிறகு கிட்னியை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாள் தவறினாலும் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். கணவர் மில்லுக்குப் போய்விடுவார், தூக்கிப் போக வேறு ஆள் கிடையாது. எங்கள் வண்டி போனால்தான் அவருக்கு அடுத்த வாரம் என்று ஒன்று உண்டு.

அவரோடு வருகிறவர் ஜாபர் பாய். எலாஸ்டிக், லேபிள் வியாபாரி; விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். இரண்டாவது வாரமே அவர்தான் முதலில் கேட்டார். வண்டித் தரைக்கு அடியிலிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டுவது மாதிரி ஒரு சத்தம். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. கல் தெறிக்கிறது என்று நான் சமாதானம் சொன்னேன். பாய் காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கல்லு இவ்வளவு மரியாதையாத் தட்டாது தம்பி."

தலை எண்ணிக்கை

ஆரம்ப நாட்களில் உதவிக்கு நானும் கூடவே போவேன். ஒரு மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, இன்றைக்குக் கூடுதலாக ஆள் ஏற்றியிருக்கிறோமா என்று ருக்மணி அக்கா கேட்டார். பழனிச்சாமி, நான், பாய், நீங்கள், நான்கே பேர் என்றேன். அவர் முகத்தைப் பின்பக்கம் திருப்பினார். அங்கே கதவும் அதன் மேல் வெயிலும் மட்டும் இருந்தன. பயத்தை மறைக்கச் சத்தமாகச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்பப் பின்னாடி மூச்சு வாங்கிட்டு வாரது யாருங்க?"

ஆயில் மில் திருப்பம்

வீடு திரும்பும் வழியில் ஒரு தேங்காய் எண்ணெய் மில் இருக்கிறது. கொப்பரை வாசம் வந்தாலே அது வந்துவிட்டது என்று தெரியும். அந்தத் திருப்பத்தில் வண்டியின் பின்கதவு தானாகத் திறந்தது. இறங்கிப் போய்ச் சாத்தினேன். அடுத்த நாளும் திறந்தது. பூட்டை மாற்றினோம், திறந்தது. பழனிச்சாமி முன்னால் எலுமிச்சம்பழம் கட்டினார். மரியாதைக்கு இரண்டு நாள் மூடியிருந்துவிட்டு மூன்றாம் நாள் திறந்தது. காற்றுக்குத் திறக்கிறது என்று நான் எரிச்சலோடு சொன்னேன். பாய் ஜன்னல் வழியாக மில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்: "ஒவ்வொரு எடத்துல தொறந்தாக் காத்து. தெனமும் ஒரே எடத்துல தொறந்தா, அதுக்குப் பேரு வேற தம்பி."

ருக்மணி அக்காவின் விரல்

இதற்கிடையில் டிரஸ்டில் எனக்கு நல்ல பெயர். வண்டி விற்ற அதே ஆளிடம் இன்னும் இரண்டு வாங்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த வாரம் ஒரு திருப்பத்தில் அக்காவின் நாற்காலிப் பூட்டு கழன்று, அவர் சாய்ந்து வண்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வண்டி நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. முன்னும் பின்னுமாகச் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, இது இரண்டு லாட் என்றார். எங்கள் ஊரில் ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் ஏறிய துணிதான் ஒரு லாட். ஒரு பனியனில் முன்துண்டு ஒரு லாட்டும் பின்துண்டு இன்னொரு லாட்டுமாக இருந்தால் அதைக் கழித்துக்கட்டிவிடுவார்கள்.

தரை விரிப்பைத் தூக்கினேன். வண்டியின் குறுக்கே, பட்டி பூசி மறைத்த ஒரு வெல்டிங் கோடு. பட்டி வெடித்திருந்தது. விரிசல் வழியே ரோடு தெரிந்தது. வேறு வேறு இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், அதை நான் படுத்துப் பார்த்தும் பார்க்காமல் வாங்கியிருக்கிறேன். அப்போது நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வெளியே சொல்ல வேண்டாம், வண்டியை நிறுத்திவிடுவார்கள், உங்கள் டயாலிசிஸ் என்ன ஆகும் என்றேன். அவருக்காகப் பேசுவது போல என் மானத்துக்காகப் பேசினேன். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்: "இருவத்திரெண்டு வருசத்துல ஒரு டேமேஜ் பீஸக்கூட நான் பாஸ் பண்ணுனதில்லீங்க தம்பி. கண்ணு போயிருச்சுன்னு இப்பப் பண்ணுவனாங்க?"

மிஞ்சியது

டிரஸ்டில் போய் ஒப்புக்கொண்டேன். திட்டினார்கள், அது நியாயம். இரண்டு வண்டி யோசனை நின்றது, புது வண்டிக்குப் பதிவு செய்தார்கள். பழையதை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்தார். அடியில் தட்டியது, இணைப்பு விட்டுப்போன தகடு. ஆயில் மில் திருப்பத்தில் ரோடு ஒரு பக்கம் சரிவு. பாடி முறுக்கிக்கொண்டு கதவு திறக்கிறது. விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய ஏதோ வண்டியில் மிஞ்சிய பின்பாதியை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பின்கதவின் உட்புறம் பெயின்ட்டைச் சுரண்டியபோது மார்க்கரில் எழுதிய ஒரு பட்டியல் வந்தது. ஏதோ கம்பெனி வேலைக்குப் பெண்களை ஏற்றிய வண்டி. யார் எங்கே இறங்க வேண்டும் என்று டிரைவர் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். ஆறு பெயர். கடைசி வரி: 'ஆயில் மில் – வள்ளி.' காங்கேயம் பக்கம் ஆயில் மில்லுக்கா பஞ்சம், எந்த மில்லோ என்றேன். பழனிச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்: "மில்லு நெறைய இருக்குதுங்க சார். நம்ம கதவு தொறக்கற மில்லு ஒண்ணுதானுங்க."

வண்டி இல்லாத நாட்கள்

புது வண்டி வரும்வரை ஆட்டோ, வாடகை வேன், கைத்தூக்கு. ஒரு நாள் எதுவும் கிடைக்காமல் அக்காவுக்கு ஒரு டயாலிசிஸ் தவறியே விட்டது. மறுநாள் போனால், படுக்க முடியாமல் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். கால் வீங்கி மடக்க முடியவில்லை. ஆட்டோவின் பின்சீட் முழுக்க அவரைச் சாய்த்துவிட்டு, நான் முன்னால் டிரைவர் சீட்டின் ஓரத்தில் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் என்னையே சபித்துக்கொண்டு வந்தேன். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பிழைத்துக்கொண்டார். மாலையில் கட்டிலருகே போனேன். என் சத்தம் கேட்டதும் கையை நீட்டினார்: "வழியெல்லாம் என் கையப் புடிச்சுட்டே வந்தீங்களே தம்பி, மறக்க மாட்டனுங்க."

ஒரே லாட்

புது வண்டி வந்தது. ருக்மணி அக்கா முன்னிருந்து பின்வரை தடவிப் பார்த்து, ஒரே லாட்தான், பாஸ் என்றார். முதல் சவாரி நால்வரும் போனோம். தட்டல் இல்லை, பூட்டுக் கழலவில்லை. மதியம் திரும்பும்போது கொப்பரை வாசம் வந்தது. யாரும் சொல்லாமலே பழனிச்சாமி வேகத்தைக் குறைத்து மில் எதிரே நிறுத்தினார். பின்கதவு அசையவில்லை. திறந்து விடுங்கள் என்று பாய் மெல்லச் சொன்னார்.

இறங்கிப் போய்த் திறந்தேன். வெயில், ரோடு, மில் சுவர். யாருமில்லை. யாரோ இறங்குவதற்கு வழிவிடுவது போல ஓரமாக நின்றேன். ஏன் அப்படி நின்றேன் என்று கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். அக்கா தலையைச் சாய்த்து வண்டிக்குள் கவனித்தார்: "இப்பச் சரிங்க. நாலு பேருதான்."

எத்தனை பேர் ஏறலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள்; இன்னும் யார் இறங்கவில்லை என்று எழுதத்தான் அதில் இடம் விடவில்லை.